அல்லிக்குளத்துப் புழுக்கள்: எவற்றுக்கு அஞ்ச வேண்டும்?

கடந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். டெங்குக் காய்ச்சலுக்காக எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவரின் பாட்டி, மூடி இறுக்கிய ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அதனுள் கலங்கிய நீர். நீரின் அடியில் நெளிந்துகொண்டிருந்த ஏழெட்டுச் சிவப்புப் புழுக்கள். அவற்றோடு, ஆறு கால்களும் உருண்ட கண்களும் கொண்ட ஒரு பழுப்பு நிறப் பூச்சி.

"டாக்டரம்மா, இதெல்லாம் எங்க வீட்டு அல்லிக்குளத்துல இருந்துச்சு. இதனாலதான் பேரனுக்குக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். கொல்லைப்புறத்தில் நான்கடி நீளத்தில் அந்தச் சிமெண்ட் குளத்தைக் கட்டியவர் அவருடைய மறைந்த கணவர். கேள்வியிலேயே குற்ற உணர்வு இருந்தது.

வார்டில் அன்று நோயாளிகள் மிகுதி. பாட்டிலை நான் ஒரு கணம்தான் பார்த்தேன். "குளத்தை இறைத்துவிட்டு மூடிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் அப்படியே செய்தார். பேரன் நலம்பெற்று வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து, அந்தப் பாட்டியே டெங்குக் காய்ச்சலுடன் எங்கள் பிரிவில் சேர்க்கப்பட்டார். "குளத்தைத்தான் மூடியாச்சே, டாக்டரம்மா" என்று படுக்கையிலிருந்து அவர் சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை.

அந்தப் பாட்டிலில் இருந்த உயிரினங்களில் ஒன்றுகூடக் கொசுவின் புழு அன்று. அவருடைய ஒப்புதலோடு, பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுதுகிறேன். கொல்லையில் அல்லித் தொட்டியோ தாமரைத் தொட்டியோ சிறு குளமோ வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் பல. நீரில் நெளிவது எது என்று அறிந்துகொள்ள ஒரு வெள்ளைக் கிண்ணமும் பத்து நிமிடப் பொறுமையும் போதும்.

பார்க்கும் முறை

அகலமான வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றையும், நீர் மொள்ள ஒரு கரண்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தை நெருங்கும்போது உங்கள் நிழல் நீரில் விழாதவாறு நில்லுங்கள். நிழல் பட்டவுடன் கொசுப்புழுக்கள் அடியில் மறைந்துவிடும். முதலில் நீர்ப்பரப்பிலிருந்து ஒரு கரண்டி, பிறகு செடிகளின் வேர்ப்பகுதியிலிருந்து ஒரு கரண்டி, கடைசியில் அடிச்சேற்றிலிருந்து ஒரு கரண்டி என்று தனித்தனியே மொண்டு கிண்ணத்தில் ஊற்றுங்கள். கலங்கல் தெளியும்வரை காத்திருங்கள்.

பின்னர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது மூச்சு விடுவதற்காக நீர்ப்பரப்புக்கு வருகிறதா? இதற்குக் கால்கள் உண்டா? இது எப்படி நகர்கிறது: துள்ளியா, நெளிந்தா, வழுக்கியா, ஊன்றி ஊன்றியா? வீட்டுக் குளத்தில் நாம் காணும் பெரும்பாலான சிற்றுயிரிகளைப் பிரித்தறிய இந்த மூன்று கேள்விகளே போதுமானவை.

கொசுப்புழுவின் அடையாளங்கள்

கொசுப்புழுவுக்குக் கால்கள் கிடையா. தலை தெளிவாகத் தெரியும். தலையை அடுத்த மார்புப் பகுதி உடலின் மற்றப் பகுதிகளைவிடப் பருத்திருக்கும். முழு வளர்ச்சியில் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அது காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஆகவே சிறிது நேரத்திற்கு ஒருமுறை நீர்ப்பரப்புக்கு வந்தே தீரவேண்டும். இதுவே அதன் முதன்மையான அடையாளம்.

ஏடிஸ், கியூலெக்ஸ் ஆகிய இரண்டு வகைப் புழுக்களுக்கும் வால்நுனியில் ஒரு மூச்சுக்குழல் உண்டு. அதை நீர்ப்பரப்பில் பொருத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸின் மூச்சுக்குழல் குட்டையானது. புழு ஏறத்தாழச் செங்குத்தாகத் தொங்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸின் மூச்சுக்குழல் நீண்டு மெலிந்தது. புழு சாய்வாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழலே இல்லை. ஆகவே அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும்.

புழுப் பருவம் முடிந்ததும் அது காற்புள்ளி போன்ற வளைந்த வடிவம் பெறும். இதுவே கூட்டுப்புழு. இது எதையும் உண்பதில்லை. தொட்டால் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு கீழே போகும். இரண்டொரு நாளில் இதன் முதுகு பிளந்து கொசு வெளிவரும். நம் ஊர் வெப்பத்தில், முட்டையிலிருந்து கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்க்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். கிண்ணத்தில் கூட்டுப்புழுக்களைக் கண்டால் நாளை என்று ஒத்திவைக்காதீர்கள்.

குளத்தில் ஆகாயத்தாமரை வளர்ப்போருக்கு ஒரு சொல். மான்சோனியா என்னும் கொசுவின் புழு, மூச்சுக்குழலை நீர்ச்செடியின் வேரில் குத்திப் பொருத்திக்கொண்டு அங்கிருந்தே காற்றைப் பெறுகிறது. நீர்ப்பரப்புக்கு வராத ஒரே முக்கியமான கொசுப்புழு இதுதான். இதுவும் யானைக்கால் நோயைப் பரப்பவல்லது. ஆகாயத்தாமரை குளத்தை அடைத்துப் பரவவிடாமல் அவ்வப்போது களைந்துவிடுவது நல்லது.

சிவப்புப் புழுக்கள்

பாட்டி கொண்டுவந்த சிவப்புப் புழுக்களுக்கு வருவோம். அவை கைரோனோமஸ் என்னும் ஈயின் புழுக்கள். அடிச்சேற்றில் மண்ணையும் மக்கலையும் ஒட்டிச் சிறு குழாய்களைக் கட்டி, அவற்றுக்குள் வாழ்கின்றன. சேற்றைக் கலக்கினால் வெளியே வந்து, எட்டு வடிவில் உடலை முறுக்கி முறுக்கி நீந்தும். மூச்சுக்காக மேலே வருவதில்லை.

அவற்றின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். எங்கள் ஆய்வகத்தில் உங்கள் இரத்தத்தில் நாள்தோறும் அளக்கும் அதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. சேற்றின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கிடைப்பதைப் பற்றிக்கொள்ள இந்தப் புழுவுக்கு அது உதவுகிறது. இரத்தம் குடித்ததால் சிவந்த புழு என்று எண்ண வேண்டியதில்லை. வளர்ந்தபின் வெளிவரும் ஈ பார்வைக்குக் கொசுவைப் போலவே இருக்கும், ஆனால் கடிப்பதில்லை. மாலையில் விளக்கைச் சுற்றிப் பெருங்கூட்டமாக மொய்க்கும்போது, ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு மட்டும் தும்மலும் இளைப்பும் ஏற்படக்கூடும். அத்தகையோர் அந்த நேரத்தில் சன்னலை மூடி, வெளிவிளக்கை அணைத்துவிடுவது போதும்.

இன்னொரு சிவப்புப் புழுவும் உண்டு. நூலிழை போல மெலிந்து, தலையைச் சேற்றில் புதைத்து, வாலை நீரில் அசைத்துக்கொண்டு கூட்டமாக நிற்கும். தட்டினால் எல்லாம் ஒரே நொடியில் சேற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இது டியூபிஃபெக்ஸ்; வண்ணமீன் கடைகளில் மீன் தீனியாக விற்கப்படுவது. மண்புழுவின் உறவுக்காரன் என்று சொல்லலாம். நீரில் அழுகும் பொருள் மிகுந்தால் இது பெருகும். ஆகவே இது நிறையத் தென்பட்டால் சருகுகளை அள்ளிச் சேற்றைக் குறையுங்கள். அவ்வளவே.

முரட்டுத் தோற்றமுள்ள நண்பர்கள்

பாட்டிலில் இருந்த பழுப்பு நிறப் பூச்சி தட்டானின் இளவுயிரி. தும்பி என்றும் தட்டான் என்றும் நாம் அழைக்கும் பூச்சி, இறக்கை முளைக்கும்வரை நீருக்குள்தான் வாழ்கிறது. வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை இந்த நீர்வாழ்க்கை நீடிக்கும். ஆறு கால்கள், பெரிய கண்கள், தடித்த வயிறு. பார்க்கச் சற்று அச்சமூட்டும் உருவம். அதன் கீழுதடு முகத்தின் அடியில் கைபோல மடங்கியிருக்கும். இரை நெருங்கியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு பற்றிவிடும். ஆபத்து வந்தால் பின்புறத்திலிருந்து நீரைப் பீச்சி முன்னோக்கிப் பாயும். ஊசித்தட்டானின் இளவுயிரி மெலிந்த உடலும், வால்நுனியில் இலை போன்ற மூன்று செவுள்களும் கொண்டது.

இவ்விரண்டும் கொசுப்புழுக்களை உண்பவை. மியன்மாரின் யாங்கோன் நகரில், வீடுகளின் நீர்ச் சேமிப்புக் கலங்களில் தட்டான் இளவுயிரிகளை விட்டு ஏடிஸ் கொசுவைக் குறைத்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளியாயிற்று. அந்த வேலையை, நாம் கேட்காமலேயே, நம் கொல்லைக் குளத்துத் தட்டான்கள் செய்துவருகின்றன. குளத்தை இறைக்கச் சொன்னபோது நான் அழித்தது அந்தக் காவலரைத்தான்.

நீர்வண்டின் புழுவும் இத்தகையதே. நீண்ட உடல், ஆறு கால்கள், அரிவாள் போல வளைந்த இரு தாடைகள். கொசுப்புழு, தலைப்பிரட்டை, சில வேளைகளில் சிறு மீன்குஞ்சு ஆகியவற்றையும் பிடிக்கும். மல்லாந்து படுத்து, துடுப்புப் போன்ற பின்கால்களால் நீந்தும் பூச்சி ஒன்றும் உண்டு. அதுவும் கொசுப்புழுவை வேட்டையாடும். இவற்றைத் தேடிக் கொல்ல வேண்டாம். வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம். அழுத்திப் பிடித்தால் கடிக்கும், தேனீ கொட்டியது போல வலிக்கும். சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த நீர் ஒற்றடம் கொடுத்தால் வலி அடங்கும்.

வால் நீண்ட, வெளிறிய, அருவருப்பூட்டும் புழு ஒன்றை அழுகிய நீரில் காணலாம். அந்த வால் அதன் மூச்சுக்குழல். நீரின் ஆழத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். அது வளர்ந்து, தேனீயைப் போன்ற தோற்றமுடைய, கொட்டாத ஓர் ஈயாகிப் பூக்களை நாடிச் செல்லும். அந்தப் புழு தென்பட்டால் நீர் அழுகிவிட்டது என்று பொருள், நீரை மாற்றுங்கள்.

அட்டை, தட்டைப்புழு, மயிரிழைப் புழு

அட்டைக்கு உடலின் இரு முனையிலும் ஒட்டுறுப்பு உண்டு. ஒரு முனையை ஊன்றி, உடலை வளைத்து, மறுமுனையை ஊன்றி நகரும். குளத்து அட்டைகளில் பல நத்தைகளையும் புழுக்களையும் உண்பவை, மனிதனை நாடாதவை. இரத்தம் உறிஞ்சும் அட்டை ஒட்டிக்கொண்டால் உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். நகத்தைத் தோலோடு ஒட்டிச் செலுத்தி, முதலில் மெல்லிய முனையையும் பிறகு தடித்த முனையையும் விடுவியுங்கள். காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் இருப்பதால் கசிவு சற்று நீடிக்கும், அஞ்ச வேண்டாம். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர் கசிவு நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு வரவேண்டும். குளத்து நீரில் முகம் கழுவியவருக்கோ குளித்தவருக்கோ, பின்னர் ஒரு மூக்கிலிருந்து மட்டும் அடிக்கடி இரத்தம் வந்தால், உள்ளே அட்டை இருக்கக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இலையின் அடிப்பக்கத்தில் பசைபோல ஒட்டி, நெளியாமல் வழுக்கிச் செல்லும் தட்டையான சிறு புழு, தட்டைப்புழு. அம்புமுனை போன்ற தலையில் மாறுகண் போல இரு புள்ளிகள் தெரியும். நாடாப்புழுவின் தூரத்து உறவுதான் எனினும், இது மனித உடலில் வாழ்வதன்று. துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும் ஆற்றல் உடையது.

எங்களிடம் பெரும் பதற்றத்துடன் கொண்டுவரப்படுவது மயிரிழைப் புழு. ஓர் அடி நீளம்வரைகூட இருக்கும். தடித்த தலைமயிர் உயிர்பெற்று நெளிவது போலத் தோன்றும். தானே தன்னைச் சிக்கலாக முடிந்துகொள்ளும். இது வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, கரப்பான் போன்ற பூச்சிகளின் வயிற்றுக்குள் வளர்ந்து, அந்தப் பூச்சி நீரில் விழும்போது வெளியே வருகிறது. குளத்திலும் வாளியிலும் கழிப்பறைக் கோப்பையிலும் இதைக் கண்டவர்கள், தங்கள் உடலிலிருந்து வெளியேறியதோ என்று அஞ்சுவது இயல்பு. மனிதருக்கு இது நோய் உண்டாக்குவதில்லை.

வயிற்றுப் புழுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

குளத்தில் புழுவைக் கண்டவுடன் வீட்டில் எல்லோரும் பூச்சி மாத்திரை விழுங்கும் வழக்கம் உண்டு. நம் குடலில் வாழும் புழுக்கள் குளத்து நீரில் நெளிந்து திரிபவை அல்ல. உருண்டைப்புழுவின் முட்டைகள் மலம் கலந்த மண்ணிலிருந்து கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாக வாய்க்குள் செல்கின்றன. கொக்கிப்புழுவின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகின்றன. செருப்பும் சோப்பும் கழிப்பறையுமே இவற்றுக்குத் தடை. மருத்துவர் சொல்லியோ, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும்போதோ மட்டும் மாத்திரையை உட்கொள்ளுங்கள். மலத்திலோ வாந்தியிலோ புழு வந்தால், அதைச் சுத்தமான மூடியிட்ட புட்டியில் இட்டு எங்களிடம் கொண்டுவாருங்கள். அது எங்களுக்குப் பேருதவி.

கண்ணுக்குத் தெரியும் எல்லையில் இருக்கும் சைக்ளாப்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளம், ஒற்றைக்கண், பெண்ணுக்கு வாலின் இருபுறமும் இரு முட்டைப்பைகள். வெட்டி வெட்டி நீந்தும். படிக்கிணறுகளில் இருந்த இந்தச் சிற்றுயிரிகளுள் நரம்புச் சிலந்தி நோயின் இளம்புழு வளர்ந்தது. அந்த நீரைக் குடித்தவரின் காலிலிருந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம்வரை உள்ள புழு கொப்புளத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. அந்த நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. நீரைத் துணியால் வடிகட்டிக் குடித்ததாலும், படிக்கிணறுகளை மாற்றியதாலும், நோயாளிகளை நீரில் இறங்கவிடாமல் காத்ததாலும் இந்தியாவில் அது ஒழிந்தது. கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அந்நோயற்ற நாடு என்று சான்றளித்தது. இன்று உங்கள் குளத்தில் தெரியும் சைக்ளாப்ஸ் மீனுக்கு உணவு மட்டுமே. ஆனால் எந்த உயிரி, எங்கே, எவ்வாறு நோயைக் கடத்துகிறது என்று சரியாக அறிந்ததால் ஒரு நோயே நாட்டைவிட்டுப் போயிற்று என்பதை அது நினைவூட்டும்.

ஆட்டுக்கல்லில் இருந்தது

மீண்டும் அந்த வீட்டுக்குச் செல்வோம். பாட்டி எங்கள் வார்டில் இருந்தபோது, நகராட்சியின் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரான ஒரு பெண் அவர் வீட்டைச் சோதித்தார். மூடிய குளத்தை அவர் பொருட்படுத்தவில்லை. கொல்லைக் கதவின் ஓரம், கிரைண்டர் வந்தபின் கைவிடப்பட்ட ஆட்டுக்கல் கிடந்தது. அதன் குழியில் தேங்கிய மழைநீரில் டார்ச் அடித்துக் காட்டினார். ஏடிஸ் புழுக்கள் ஒளிபட்டதும் நெளிந்து கீழிறங்கின. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும் அவை இருந்தன.

ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தவை இத்தகைய சிறு கலங்கள்: ஆட்டுக்கல், உடைந்த தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத சிமெண்ட் தொட்டி. மீனும் தட்டானும் நீர்ப்பூச்சியும் வாழும் குளத்தில் அதன் புழுக்கள் தப்பிப் பிழைப்பது அரிது. அது நெடுந்தூரம் பறப்பதுமில்லை; பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் பகலில் கடித்துத் திரியும். காய்ச்சலில் இருக்கும் ஒருவரைக் கடித்த கொசு, மற்றவருக்கு நோயைக் கடத்தும் நிலையை அடைய ஏறக்குறைய 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதன் கடிக்குப் பிறகு காய்ச்சல் தோன்ற 4 முதல் 10 நாட்கள். பேரனின் காய்ச்சலுக்கும் பாட்டியின் காய்ச்சலுக்கும் இடையே இருந்த மூன்று வாரம் இந்தக் கணக்கோடு பொருந்தியது. முதல் நாளே நான் "வீட்டில் வேறெங்கே நீர் தேங்கியிருக்கிறது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

இனி நான் சொல்லும் அறிவுரை

குளம் வைத்திருப்போர் அதில் நாலைந்து கப்பி மீன்களை விடுங்கள். அவற்றை ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அங்குள்ள மீனினங்களுக்கு அவை கேடு செய்யும். விழுந்த இலைகளை அள்ளுங்கள். செடிகள் நீர்ப்பரப்பின் பாதியை மூடாமல் பாருங்கள். மீன் நுழைய முடியாத ஓரங்களில்தான் கொசுப்புழு ஒதுங்கும். கரண்டியை அங்கே விடுங்கள்.

மண்ணெண்ணெய், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், பூச்சிக்கொல்லி எதையும் குளத்தில் ஊற்றாதீர்கள். மீனும் தட்டானும் மடியும். அடுத்த மழையில் கொசு எங்கிருந்தோ பறந்து வந்து, எதிரிகள் இல்லாத குளத்தில் முட்டையிடும். கொசுப்புழு மிகுந்துவிட்டால், 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் கண்டறியப்பட்ட பாக்டீரியாவிலிருந்து செய்யப்படும் பிடிஐ என்னும் மருந்து இருக்கிறது. அது கொசுப்புழுவின் குடலைத் தாக்கும். மீனுக்கும் தட்டானுக்கும் தீங்கு செய்வதில்லை. உங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள்.

குளத்தைவிட முக்கியம் குளத்தைச் சுற்றியுள்ளவை. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தேவையற்ற கலங்களைக் கவிழ்த்து வையுங்கள். நீர் சேமிக்கும் தொட்டிகளை வெறுமனே கொட்டினால் போதாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. அவை உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே தேங்காய் நாரால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மேல்நிலைத் தொட்டியும் கிணறும் கொசு நுழையாதபடி மூடியிருக்கட்டும். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை அங்குதான் வளர்கிறது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்தின்மேல் உறுதியான கம்பிவலை அவசியம். சில அங்குல நீரும் தவழும் குழந்தையின் உயிரைப் பறிக்கும். குளத்துப் புழுக்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து அதுவே.

காய்ச்சல் வந்தால்

கொசுப்புழு உள்ள நீரைத் தொட்டாலோ, தவறிக் குடித்தாலோ டெங்கு வராது. நோய்க்கிருமியை ஏந்திய பெண்கொசு கடித்தால்தான் வரும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்ற வலிநிவாரணிகளை நீங்களாக உட்கொள்ளாதீர்கள். அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இதயநோய்க்காக மருத்துவர் எழுதிய ஆஸ்பிரின் உட்கொள்வோர், அதைத் தாமாக நிறுத்தாமல் உடனே எங்களிடம் கேளுங்கள். கஞ்சி, இளநீர், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களைக் காக்கும் வழி அது.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை, காய்ச்சல் தணியும் வேளையில்தான் வருகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நிம்மதி அடையும் அந்த நாட்களில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், கறுத்த மலம், மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் இரவென்றும் பாராமல் வாருங்கள். பாட்டி அப்படித்தான் வந்தார். காய்ச்சல் விட்ட மறுநாள் வயிற்றுவலி என்று மகள் உடனே அழைத்து வந்ததால், இரத்த அழுத்தம் மேலும் சரிவதற்குள் நரம்பு வழியே திரவம் ஏற்ற முடிந்தது. ஆறாம் நாள் வீடு திரும்பினார்.

இந்த ஆண்டு கோடையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது அவர் கையில் மீண்டும் ஓர் ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட்டாயிற்று. குளத்தைத் திறந்து அல்லிக்கிழங்கு நட்டு, மீன் விட்டிருக்கிறாராம். பாட்டிலில் ஆறு கால்களும் உருண்ட கண்களும் கொண்ட ஒரே ஒரு பழுப்புப் பூச்சி. "இது நல்லதுதானே, டாக்டரம்மா?" என்று கேட்டார். இம்முறை பாட்டிலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தேன். நல்லதுதான் என்றேன். கவனமாகக் கொண்டுபோய்க் குளத்திலேயே விடச் சொன்னேன்.